ஓட்டையில்லாத தொட்டி

கூட்ட அறை மேஜையின் மேல் ஒரு தாளும் ஒரு பேனாவும் இருந்தன. அவற்றுக்கு எதிரே, காலை ஒன்பது மணியிலிருந்து அதே நாற்காலியில், கொள்முதல் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். இப்போது மணி இரண்டு.

வயது முப்பத்தாறு இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கைபேசியை விசாரணைக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்களாம். வெளியே போய்ச் சாப்பிட்டு வருகிறேன் என்று கேட்டதற்கு, சாப்பாட்டை உள்ளேயே வரவழைத்தார்களாம். அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமல் ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு. வாசலில் காவலாளி உண்டு. கதவு மட்டும் பூட்டப்படவில்லை, பூட்டவேண்டிய அவசியமும் இல்லை.

“யார் அனுப்பினாங்க உங்களை?” என்று உள்ளே வந்த இருவரையும் கேட்டாள்.

அவளுடைய தம்பி மனைவி அனுப்பியதாகச் சர்வேயரம்மா சொன்னார். நான்கு நாளைக்கு முன், இதே தொழிற்சாலையில் ஒரு தொட்டி விரிசல் விட்டு, உப்புக் கரைசல் பீச்சி அடித்ததில், பக்கத்தில் நின்ற ஆபரேட்டருக்கு கன்னத்திலிருந்து நெஞ்சு வரையும் இரண்டு கைகளிலும் தோல் உரிந்துபோயிற்று. அந்த ஆபரேட்டர் அவளுடைய தம்பி. அந்தத் தொட்டிக்கு எஃகுத் தகடு வாங்கியது அவள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் புகட்டவேண்டிய அக்காதான் அவனை இந்தக் கதிக்கு ஆளாக்கினாள் என்று தொழிற்சாலை முழுக்கப் பேசினார்கள். தம்பி மனைவி மட்டும் அதை நம்பவில்லை.

சர்வேயரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளையும் வெடித்த கொதிகலன்களையும் போய்ப் பார்த்து, விபத்து எது, வேண்டுமென்றே செய்தது எது என்று எழுதிக் கொடுத்தவர். வேலையை விட்ட பிறகு அதையே தனியாகச் செய்கிறார். இன்னமும் சிலர் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு வீட்டு மனை விஷயமாக வந்து நிற்பார்கள். அவருக்கு உதவியாள் விசில். பதினேழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். இரண்டு விரலை நாக்கின் கீழே மடித்து ஊதினால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். அதனால் அந்தப் பெயர்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விசில் எட்டிப் பார்த்தான். ‘316 ரகத்துக்குப் பதிலாக 304 ரகத் தகடு வந்தது தெரிந்தும் ஏற்றுக்கொண்டேன். இதனால் ஏற்பட்ட சேதத்துக்கு நானே பொறுப்பு.’ அதற்குக் கீழே ராஜினாமா. கையெழுத்துப் போட்டால் விஷயம் இதோடு முடியும், போடாவிட்டால் நான்கு மணிக்கு முதலாளி வந்ததும் போலீஸ் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

“எனக்கு எவர்சில்வர்னா எல்லாம் ஒண்ணுதாங்க. பளபளன்னு இருந்தா வாங்கிடுவேன்” என்றான் விசில்.

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். தொழிலைப் பற்றிக் கேட்டதும் குரலில் தெம்பு வந்தது. எஃகில் குரோமியம் கலந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி, துரு பிடிக்காமல் காக்கும். ஆனால் உப்பு அந்தப் படலத்தைப் பொத்தல் போட்டுவிடும். சாதாரண 304 ரகம் உப்புக்கு நிற்காது. 316 ரகத்தில் மாலிப்டினம் என்று இன்னொரு உலோகம் இரண்டு சதவீதம் சேர்ந்திருக்கும், அது தாக்குப்பிடிக்கும். இங்கே தயாராவது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் உப்புக் கரைசல். அதனால் 316தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன், வந்திறங்கிய ஒவ்வொரு தகட்டின் எண்ணையும் சான்றிதழோடு ஒத்துப்பார்த்தேன், மாலிப்டினம் இருந்தால் சிவக்கும் சோதனை மருந்தைச் சொட்டுவிட்டு என் கண்ணால் பார்த்தேன் என்றாள்.

“எல்லாம் சிவப்பாச்சு. ஒண்ணு விடாம.”

அந்த நேரத்தில் மேலாளர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர், சலவை மடிப்பு கலையாத சட்டை. கோபமே இல்லாத குரல். வருத்தத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எஃகுத் துண்டு. விரிசல் விட்ட தொட்டியின் உட்சுவரில், விரிசலுக்குப் பக்கத்திலேயே வெட்டி எடுத்தது, பரிசோதனைக்கூடம் 304 என்று எழுதிக் கொடுத்துவிட்டது, மாலிப்டினம் துளிகூட இல்லை என்றார். இத்தனை வருஷம் நம்பின ஆள் இப்படிச் செய்தாளே என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கொள்முதல் அதிகாரி அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தன் கண்ணையே நம்பமுடியாத நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

சர்வேயரம்மா பையை எடுத்துப் பார்த்தார், வைத்தார். தொட்டியைப் பார்க்கவேண்டும் என்றார். மேலாளர் தயங்கினார். பாதுகாப்புக்காக மூடி வைத்திருப்பதாகச் சொன்னார். எப்படியும் நாளைக்கு இன்ஷூரன்ஸிலிருந்து வருவார்கள், அவர்கள் என்னைப்போல் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள் என்று சர்வேயரம்மா சொன்னதும் அவர் சற்று யோசித்து, பத்து நிமிஷம் தருகிறேன் என்றார்.

உற்பத்திக் கூடத்தில் மூன்று தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் இரண்டரை ஆள் உயரம். இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே அரைகுறையாகத்தான் கேட்டது. இரண்டாவது தொட்டியின் அடியில் தலைக்கவசம் போட்ட ஒருவர் நின்று அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல் விட்ட முதல் தொட்டியின் மேலுறையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் சுவரில் ஒரு பதிவேடு தொங்கியது. சர்வேயரம்மா போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்தார். கரைசல் சூடு: காலை நாற்பது, மதியம் நாற்பது, மாலை நாற்பது. பக்கம் பக்கமாக நாற்பது. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்திலும் அதிகபட்சம் நாற்பது டிகிரி என்றே இருந்தது.

இறங்கும் வழி உச்சியில் இருந்தது. ஒரு ஆள் நுழையும் வட்ட வாய், கீல் வைத்த மூடி, சுற்றிலும் திருகாணிகள். உள்ளே சுவரோடு ஒட்டி ஏணி. வெறும் உப்புத்தண்ணீர் இருந்த தொட்டி என்பதால் காற்றுக்குக் கெடுதலில்லை, பயப்படவேண்டாம், நான் மேலேயே நிற்கிறேன் என்றார் மேலாளர்.

“உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிறைய இடம் இருக்குன்னு பதினேழு வருஷம் கத்துனேன்” என்று முனகிக்கொண்டே விசில் இறங்கினான். “யாரோ நெஞ்செரிஞ்சு சாபம் விட்டிருக்காங்க.”

அடியில் கழுவிவிட்ட தண்ணீர் முழங்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. சுவரை ஒட்டிப் பாம்பு மாதிரி ஒரு நீராவிக் குழாய் சுற்றிச் சுற்றிப் போயிற்று. கரைசலைச் சூடாக்குவதற்கு. சர்வேயரம்மா டார்ச்சை அடித்து, விரிசலைக் கண்டுபிடித்தார். ஒரே கோடு இல்லை அது. குழாயைத் தாங்கும் பட்டையைப் பற்றவைத்த இடத்தில் தொடங்கி, செடியின் வேர்போலக் கிளைவிட்டுப் பரவியிருந்தது. அதைச் சுற்றிக் கையால் தடவினார். பிறகு ஒரு சாண் தள்ளித் தடவினார். பிறகு தொட்டியின் உட்சுவர் முழுவதையும் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தடவிக்கொண்டே வந்து மறுபக்கத்தில் சந்தித்தார்கள்.

“என்ன தேடறோம்மா?”

“ஓட்டையை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. இல்லேன்னா அதை அடைச்ச தடம்.”

விசிலுக்குப் புரிய இரண்டு விநாடி பிடித்தது. புரிந்ததும் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. “டிக்கெட்டைக் கிழிச்சா அடிக்கட்டை இருக்கணும். துண்டு மேஜைமேல இருக்கு. அடிக்கட்டையே இல்ல.”

சர்வேயரம்மா பையிலிருந்து ஒரு குப்பியும் சின்ன பேட்டரியும் எடுத்தார். நான்கு இடத்தில் மருந்தைச் சொட்டுவிட்டு, பேட்டரிக் கம்பியைத் தொடவைத்தார். நான்கு இடத்திலும் வெற்றிலைச் சாறு துப்பியதுபோலச் சிவந்தது. கொள்முதல் அதிகாரி வாங்கியது 316. தொட்டி கட்டியதும் அதே 316. மேஜைமேல் இருக்கும் துண்டு இந்தத் தொட்டியைச் சேர்ந்ததே இல்லை.

அப்போது தலைக்கு மேலே வெளிச்சம் போயிற்று.

மூடி விழுந்த சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. அதைத் தொடர்ந்து திருகாணிகள் ஒவ்வொன்றாக முறுகும் சத்தம். அவசரமில்லாமல், ஒழுங்காக. விசில் ஏணியில் தாவி ஏறி மூடியை முட்டினான். அசையவில்லை. கத்தினான். அவன் குரல் தொட்டிக்குள் நான்காக உடைந்து அவன் காதுக்கே திரும்பி வந்தது. கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை, சுற்றிலும் எஃகு. மணி இரண்டு ஐம்பது.

“மேலேயே நிக்கிறேன்னார். நின்னு என்ன செய்வேன்னு சொல்லல” என்றான் விசில். அடுத்த மூச்சில் இன்னொன்று சொன்னான். அதற்கடுத்து இன்னொன்று. சர்வேயரம்மாவுக்கு அவனைத் தெரியும். பயம் கூடக்கூட அவனுக்கு நகைச்சுவை வேகமாக வரும். என்ன விஷயம் என்று அமைதியாகக் கேட்டார். மூடிய இடம் தனக்கு ஆகாது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டான். பதினேழு வருஷமும் படிக்கட்டில் நின்றே காலத்தை ஓட்டியவன் அவன். கூட்டத்துக்குள் போய் டிக்கெட் கொடுத்துவிட்டுப் படிக்கு ஓடி வந்துவிடுவானாம். அதைச் சொல்லும்போது அவன் பல் கிட்டித்துக்கொண்டது.

அவர் டார்ச்சை அவன் கையில் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளிச்சம் தன் கையில் இருப்பது அவனுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

சற்று நேரத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. குழாய் சூடேறி நெளிகிற சத்தம். யாரோ நீராவியைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

தொட்டிக்குள் வாடை மாறியது. சுவர் வியர்த்தது. சர்வேயரம்மாவின் கண்ணாடி மங்கியது. அவர் அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதவடைத்த அந்த அறையில் பேனாவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவளை நினைத்தார். நான்கு மணிக்கு இவர்கள் வராவிட்டால் யாரும் வரப்போவதில்லை என்று எண்ணி அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். மேலாளருக்கு வேண்டியதும் அதுதான். அதற்குப் பிறகு மூடியைத் திறந்து, உள்ளே ஆள் இருந்தது தெரியாது என்று மன்னிப்புக் கேட்டாலும் கேட்பார்.

“இல்லாத ஓட்டையைத் தேடி வந்தோம்” என்றான் விசில். “இருந்திருந்தா மூக்கையாவது அதுல வெச்சிருக்கலாம்.”

சர்வேயரம்மா பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துத் தேங்கிய தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியவேண்டும். முப்பத்தாறு. மறுபடி பார்த்தபோது நாற்பது.

“உங்க கால் எப்படி இருக்கு?”

“சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இதமாத்தான் இருக்கு. வேற சமயமா இருந்தா சோப்பு கேட்டிருப்பேன்.”

சர்வேயரம்மா வெப்பமானியை டார்ச்சுக்கு நேரே பிடித்து இன்னொரு தடவை படித்தார். நாற்பது. வெளியே பதிவேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்த அதே நாற்பது.

“வெந்துபோகலையே உங்க கால்?” என்றார்.

“இல்லையேம்மா.”

“அந்தத் தம்பிக்கு நெஞ்சு வரைக்கும் தோல் உரிஞ்சிருக்கு. குளிக்கிற வெந்நீர்ல.”

இருவரும் அந்த இதமான தண்ணீரில் நின்றபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு நாளாக இந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் எஃகைப் பற்றியே பேசினார்கள். 304ஆ, 316ஆ, யார் வாங்கினது, யார் சோதித்தது. படுக்கையில் கிடப்பவனின் கொப்புளத்தை யாரும் யோசிக்கவில்லை. கரைசல் நாற்பதில் இருக்கவில்லை. கொதிக்கிற நிலையில் இருந்திருக்கிறது. சூடு ஏற ஏற உப்பு சீக்கிரம் கரையும், ஒரு நாளில் இரண்டு மடங்கு சரக்கு எடுக்கலாம். ஆனால் உப்புக்கு நிற்கும் 316, கொதிக்கிற உப்புக்கு நிற்காது. பற்றவைத்த இடங்களில் இப்படித்தான் வேர் விட்டுப் பிளக்கும். பழைய வேலையில் ஒரு வெந்நீர்க் கொதிகலனில் சர்வேயரம்மா இதே வேரைப் பார்த்திருக்கிறார். தகடு வாங்கியவள் மேல் தப்பில்லை. எந்தச் சூட்டுக்கு என்று அவளுக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

இனி வெளியே போகவேண்டும். வெளியே இரைச்சல். கத்தினால் கேட்காது, தட்டினால் கேட்காது. தொட்டிக்குள் ஒரே ஒரு இடத்தில்தான் வெளிக்காற்று உள்ளே வந்தது. அந்த விரிசல். அதற்கு நேரே வாயை வைக்கவேண்டுமானால் சூடேறிய குழாயின் பக்கத்தில், தண்ணீரில் நிற்கவேண்டும். விசில் டார்ச்சைச் சர்வேயரம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரிசலுக்கு நேரே போய் நின்றான்.

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. உதடு காய்ந்திருந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. கையை உதறினான், முகத்தில் வழிந்த வியர்வையை நாக்கால் தடவிக்கொண்டான். மூன்றாவது தடவை வந்த சத்தத்தில் சர்வேயரம்மா காதைப் பொத்திக்கொண்டார். வண்டியை நிறுத்தச் சொல்லும் ஒற்றை நீள விசில். விட்டு விட்டு ஊதினான். வெப்பமானி நாற்பத்தெட்டைக் காட்டியது. பிறகு ஐம்பத்திரண்டு. அவன் கால் மாற்றி மாற்றி நின்றான். ஏணிக்கு வந்துவிடச் சொன்னார் சர்வேயரம்மா. தலையை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடி ஊதினான்.

திருகாணி கழலும் சத்தம் கேட்டபோது மணி மூன்று முப்பது.

வட்ட வெளிச்சத்தில் தெரிந்த முகம் வெல்டருடையது. இந்தத் தொட்டியைக் கட்டியவர், அறுபதை நெருங்கிய மனிதர். தொட்டியை என்ன செய்வது என்று சொல்லுவார்கள் என நான்கு நாளாகக் கூடத்தின் மூலையில் காத்துக்கொண்டிருந்தவர். நான் பற்றவைத்த தையலிலிருந்து விசில் வருகிறதே என்று முதலில் பயந்துவிட்டேன் என்றார். கை கொடுத்துத் தூக்கிவிட்டு, ஓடிப்போய் நீராவியை மூடினார். முழங்கால்வரை சிவந்த கால்களோடு விசில் தரையில் உட்கார்ந்தான். கூரை இவ்வளவு உயரமாக இருப்பது நல்ல விஷயம் என்றான்.

சர்வேயரம்மா வெல்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சமீபத்தில் யாராவது உங்களிடம் 304 துண்டு கேட்டார்களா?

அவர் கையுறையைக் கழற்றி மடித்தார். விபத்துக்கு மறுநாள் மேலாளர் வந்து, மேஜைக்குப் பெயர்ப்பலகை செய்யவேண்டும் என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கேட்டாராம். கழிவுப் பெட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்தாராம். பிறகு ஆளாளுக்குப் பேசியதைக் கேட்டபோது சந்தேகம் வந்ததாம். ஆனால் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “என் வேலையில குத்தம்னு திருப்பிடுவாங்களோன்னு பயம்மா” என்றார்.

நீங்களும் கூட்ட அறைக்கு வாருங்கள் என்றார் சர்வேயரம்மா. அதற்கு முன் சுவரில் தொங்கிய பதிவேட்டை எடுத்து, இந்த முறை நிதானமாகப் படித்தார். நாற்பது, நாற்பது, நாற்பது. ஒரே கையெழுத்து, ஒரே மை. கீழே சின்னதாக ஒரு ஒப்பம். அது யாருடையது என்று வெல்டரிடம் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

ஒப்பம் தம்பியுடையது.

தம்பி மனைவியைக் கைபேசியில் அழைத்து, அவன் காதருகே வைக்கச் சொன்னார். பேசவேண்டாம், கேட்டால் போதும், கூட்ட அறையில் நடப்பதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கேளுங்கள் என்றார். மறுமுனையில் மூச்சு மட்டும் வந்து போயிற்று. இணைப்பைத் துண்டிக்காமலே நடந்தார்.

நான்கு மணிக்கு முதலாளி வந்து உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, களைத்த முகம். முழங்கால்வரை நனைந்த இருவர் கதவைத் திறந்துகொண்டு வந்ததைப் பார்த்ததும் மேலாளர் எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

சர்வேயரம்மா நின்றுகொண்டே பேசினார். வெட்டின துண்டு இருக்கிறது, வெட்டின இடம் இல்லை. அந்தத் துண்டைக் கொடுத்தவர் இதோ. தொட்டி நான்கு இடத்தில் சிவந்தது, வேண்டுமானால் இப்போதே யார் வேண்டுமானாலும் இறங்கிப் பார்க்கலாம், ஆனால் மேலே நிற்பதற்கு வேறு ஆள் போடுங்கள் என்றார். பிறகு நாற்பது டிகிரியைப் பற்றிச் சொன்னார். முதலாளியின் பார்வை மெல்ல மேலாளர் பக்கம் திரும்பியது. கொள்முதல் அதிகாரி முழுக் கதையையும் வாயைத் திறந்தபடி கேட்டாள். நான்கு நாள் கழித்து அவள் முகத்தில் இரத்தம் ஓடிற்று.

மேலாளர் கோபப்படவில்லை. பதிவேட்டை வாங்கிப் புரட்டினார்.

“தொண்ணூறுல ஓட்டிட்டு நாற்பதுன்னு எழுதியிருந்தா, எழுதினவன்தான் குற்றவாளி” என்றார். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “கையெழுத்து யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவள் பார்த்தாள். சின்ன வயதில் வீட்டுப்பாடத்தில் அவள் பார்த்துப் பார்த்துத் திருத்திய எழுத்து. முகத்தில் ஓடிய இரத்தம் வந்த வழியே போயிற்று. தான் தப்பினால் அவன் மாட்டுவான். உடம்பெல்லாம் வெந்து கிடப்பவனைக் கட்டிலிலிருந்தே அழைத்துப் போவார்கள்.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

“நான் போட்டுடறேன்” என்றாள். “தகடு நான் வாங்கினது. தப்பு என்னோடதுதான். அந்த நோட்டை மூடுங்க.”

விசில் ஏதோ சொல்ல வந்தான். சர்வேயரம்மா கையமர்த்தினார். தன் கைபேசியை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மேஜையின் நடுவில், தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவளிடம் பேசவில்லை, கைபேசியைப் பார்த்துத்தான் பேசினார்.

“கேட்டுட்டுதான இருக்கீங்க? ரெண்டாவது தொட்டியும் மூணாவது தொட்டியும் இப்ப ஓடிட்டிருக்கு. அதே தகடு, அதே சூடு. நீங்க நின்ன இடத்துல இப்ப இன்னொருத்தர் நிக்கிறார். வரும்போது பார்த்தேன்.”

பேனா தாளைத் தொட்டிருந்தது. அவள் பெயரின் முதல் எழுத்து விழுந்திருந்தது.

“அக்கா” என்றது கைபேசி. உதடு வெந்தவனின் குரல், சரியாக வரவில்லை. “பேனாவைக் கீழ வை.”

அவள் கை நின்றது.

“தொண்ணூறுல வெச்சது நான்தான். நாற்பதுன்னு எழுதுனதும் நான்தான். ரெண்டையும் செய்யச் சொன்னது மேனேஜர் சார். மூணு மாசமா. வெளிய சொன்னா உன் கையெழுத்துதான் இருக்கு, நீதான் ஜெயிலுக்குப் போவேன்னார். நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்து, அக்காவுக்கு வேலை மட்டும்தான் போகும், வேற எங்கயாவது கிடைச்சிடும்னார். நான் சரின்னுட்டேன்க்கா.”

முதலாளிதான் முதலில் எழுந்தார். மற்ற இரண்டு தொட்டிகளின் சூட்டையும் இந்த நிமிஷமே பார்த்துச் சொல்லும்படி வெல்டரை அனுப்பினார். வெல்டர் மூச்சிரைக்கத் திரும்பிவந்து, ஒன்றில் தொண்ணூற்றிரண்டு, இன்னொன்றில் தொண்ணூறு என்றார். இரண்டையும் நிறுத்தி, ஆட்களை வெளியே வரச் சொல்லிவிட்டு, முதலாளி போலீசுக்குத் தானே பேசினார்.

மேலாளர் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். “உற்பத்தி ரெட்டிப்பானப்ப எனக்கு மாலை போட்டீங்க” என்றார் முதலாளியிடம். “எத்தனை டிகிரின்னு அன்னிக்குக் கேக்கலை.”

முதலாளியின் பார்வை மேஜையிலேயே இருந்தது.

போலீஸ் வந்தது. சர்வேயரம்மா அவர்களிடம் தொட்டி மூடப்பட்டதையும் நீராவி திறக்கப்பட்டதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார். தம்பிமேலும் விசாரணை இருக்கும், வேலை நிச்சயமில்லை, தானாக முன்வந்து சொன்னது கணக்கில் வரும், ஆனால் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன் என்று அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார். அவள் தலையாட்டினாள். தாளை எடுத்து, ஒற்றை எழுத்து விழுந்த அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, நான்காகக் கிழித்தாள். வாசலில் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்டார். அவள் காதில் வாங்காமல் நடந்து போனாள்.

ஆஸ்பத்திரி வார்டில் தம்பி மனைவி அவளைக் கண்டதும் எழுந்து, நாற்காலியை விட்டுக்கொடுத்து வெளியே வந்தாள். சர்வேயரம்மாவும் விசிலும் கதவோரத்திலேயே நின்றுகொண்டார்கள்.

அவனுக்கு இரண்டு கையிலும் நெஞ்சிலும் கட்டு. அக்காவைப் பார்த்ததும் அழத் தொடங்கினான். துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்க முடியவில்லை. கண்ணீர் உப்பு, வெந்த தோலில் பட்டால் எரியும் என்று அவளுக்குத் தெரியும். பஞ்சை எடுத்து, கன்னத்துக்கு இறங்குமுன் ஒற்றி எடுத்தாள். வெகுநேரம் அதை மட்டுமே செய்துகொண்டிருந்தாள்.

“தொண்ணூறுன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா” என்றாள். “வேற கிரேடு வாங்கியிருப்பேனே.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எது என்று கேட்டான்.

அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.